வானத்துக் கண் வலியோரை நோக்கட்டும்

கோவிட் பெருந்தொற்று நாள்களில், 2021 ஏப்ரல் நடுவில், லக்னோவின் பைகுண்ட தாம் மயானத்தைச் சுற்றி அதிகாரிகள் தகரத் தடுப்புகளை எழுப்பினார்கள். வரிசை வரிசையாகச் சிதைகள் எரியும் காணொளி அதற்குச் சற்று முன்புதான் அங்கிருந்து வெளியாகி நாடெங்கும் பரவியிருந்தது. சாலையில் போகிறவர் கண்ணில் அந்தத் தீ படக் கூடாது என்பதைத் தவிர அந்தத் தகரத்துக்கு வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஏப்ரல் 22 அன்று, ராய்ட்டர்ஸ் புகைப்படக்காரர் டேனிஷ் சித்திகி தில்லி மயானம் ஒன்றின் மேல் ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்தார். இடைவெளியின்றி அடுக்கப்பட்ட சிதைகள், அவற்றின் நெருப்பு, புகை, சுற்றிலும் நகரம். அந்தப் படம் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது.

அதை எடுத்தது சரி, வெளியிட்டதும் சரி. இதைத் தயக்கமின்றிச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது. ட்ரோன் இன்று செய்தி அறைகளின் அன்றாடக் கருவியாகிவிட்டது. அதை எப்போது பறக்கவிடலாம், எப்போது கூடாது என்ற கேள்விதான் கேட்பாரற்றுக் கிடக்கிறது. சட்டம் எடையைச் சொல்கிறது, உயரத்தைச் சொல்கிறது, விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று சொல்கிறது. அறத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு பத்திரிகையாளர்களுடையது. அதை ஒரே கேள்வியில் அடக்கலாம் என்று நாம் கருதுகிறோம். கேமராவுக்குக் கீழே இருப்பவர் சுவர் எழுப்பி உண்மையை மறைக்கும் வலிமை படைத்தவரா, ஓடி ஒளியவும் இடமற்றவரா?

சித்திகியின் படத்துக்கு எழுந்த எதிர்ப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. உற்றாரைப் பறிகொடுத்தவர்களின் இறுதிச் சடங்கை வானிலிருந்து படம் பிடிப்பது பிணத்தின் மேல் வட்டமிடுகிற வேலை என்று சிலர் சினந்தார்கள். மேலை நாட்டு ஊடகங்கள் தங்கள் நாட்டுச் சாவுகளை மூடி வைத்துவிட்டு இந்தியச் சிதைகளைக் கடைவிரிக்கின்றன என்றார்கள் வேறு சிலர். முதல் குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. துக்கம் அவரவர்க்கே உரியது. தனிப்பட்ட துயரத்தின் தருணங்களுக்குள் கேமராவோடு நுழைவதைத் தவிர்க்க வேண்டும் என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளே சொல்கின்றன. விபத்திலும் இயற்கைச் சீற்றத்திலும் பாதிக்கப்பட்டோரைப் படமெடுப்பது பெரிய பொதுநலனுக்கு உதவலாம் என்றும் அதே நெறிகள் சேர்த்துச் சொல்கின்றன. ஆகவே, அன்று அப்படிப்பட்ட பொதுநலன் இருந்ததா என்பதுதான் கேள்வி.

இருந்தது. அரசு தந்த மரணக் கணக்கும் மயானங்களில் எரிந்த உடல்களின் கணக்கும் பல ஊர்களில் ஒத்துப்போகவில்லை. செய்தியாளர்கள் மயான வாசல்களில் நின்று எண்ண வேண்டியிருந்தது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பெருந்தொற்றால் நேரடியாகவும் மறைமுகமாகவும் இந்தியாவில் ஏறத்தாழ 47 லட்சம் கூடுதல் மரணங்கள் நேர்ந்தன என்று 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசுக் கணக்கில் அந்தக் காலத்துக் கோவிட் மரணங்கள் ஏறத்தாழ 4.8 லட்சம். அந்த மதிப்பீட்டு முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எண்களைப் பற்றிய வழக்கு இன்னும் நீளலாம். ஒரு மயானத்தின் முழுப் பரப்பையும் ஒரே சட்டத்துக்குள் காட்டும் படத்துக்கு மறுப்பறிக்கை எழுதுவது அவ்வளவு எளிதல்ல. உயரம் இன்னொரு காரியமும் செய்தது. தரையில் நின்று எடுத்தால் தந்தைக்குக் கொள்ளி வைக்கும் மகனின் முகம் தெரிந்திருக்கும். மேலிருந்து பார்க்கையில் எந்த முகமும் அடையாளம் தெரியவில்லை. யாருடைய துக்கம் என்பதை வெளியே சொல்லாமல், எவ்வளவு துக்கம் என்பதை மட்டும் அந்தப் படம் சொன்னது. அங்கே அம்பலப்பட்டது அழுதுகொண்டிருந்த குடும்பங்கள் அல்ல. ‘நிலைமை கட்டுக்குள் இருக்கிறது’ என்ற பேச்சுதான்.

இரண்டாவது குற்றச்சாட்டுக்கு நியூயார்க் பதில் சொல்லும். அந்நகரின் ஹார்ட் தீவில், உரிமை கோர ஆளில்லாத உடல்களை 1869 முதல் புதைத்து வருகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே மண்ணுக்குள் இருக்கிறார்கள். 2020 ஏப்ரலில் அங்கே நீண்ட குழியில் சவப்பெட்டிகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இறக்கப்படுவதை அசோசியேட்டட் பிரஸ் வானிலிருந்து படமெடுத்து வெளியிட்டது. உலகின் செல்வம் கொழிக்கும் நகரம் தன் ஏழைகளை எப்படி அடக்கம் செய்கிறது என்று அந்தப் படம் கேட்டது. சில நாள்களில், அதே தீவை ட்ரோனால் படமெடுக்க முயன்ற மூத்த புகைப்படக்காரர் ஜார்ஜ் ஸ்டைன்மெட்ஸின் ட்ரோனை நியூயார்க் காவல் துறை பறிமுதல் செய்தது. குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வான்கலங்களை ஏற்றி இறக்கக் கூடாது என்ற பழைய நகரச் சட்டம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. மரணத்தின் அளவை மக்கள் பார்ப்பதை லக்னோவும் விரும்பவில்லை, நியூயார்க்கும் விரும்பவில்லை. இதில் கிழக்கு மேற்கு இல்லை. ஒளிப்பவர் ஒரு பக்கம், காட்டுபவர் மறுபக்கம்.

சித்திகி வானத்தில் மட்டும் வேலை செய்தவர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஏப்ரலில் தில்லி லோக் நாயக் ஜெயப்பிரகாஷ் நாராயண் மருத்துவமனைக்குள் போய், ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் பிராணவாயுக் குழாயோடு கிடப்பதை அவர் படமெடுத்தார். தொற்றின் நடுவே நின்று பார்த்தவருக்கு மேலே இருந்து காட்டும் தகுதி வந்தது. 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் போர்ச் செய்தி திரட்டும்போது அவர் கொல்லப்பட்டார். 2022இல் அத்னான் அபிதி, சன்னா இர்ஷாத் மட்டூ, அமித் தவே ஆகியோரோடு அவருக்கும், இந்தியாவின் கோவிட் படங்களுக்காகப் புலிட்சர் பரிசு வழங்கப்பட்டது. ட்ரோன் வாங்கிவிட்டால் செய்தி கிடைத்துவிடும் என்று நம்பும் ஒவ்வொரு செய்தி ஆசிரியரும் இந்த வாழ்க்கையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தில்லிப் படத்துக்கு ஓராண்டு முன்பு, 2020 ஏப்ரலில், முதல் ஊரடங்கின்போது, திருப்பூர் மாவட்டக் காவல் துறையின் ட்ரோன் காட்சி ஒன்று வெளியானது. திறந்த வெளியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் தலைக்கு மேல் ட்ரோனைக் கண்டதும் சிதறி ஓடுகிறார்கள். ட்ரோன் விடாமல் துரத்துகிறது. கேரம் பலகையையே எடுத்து முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்க்கிறார் ஒருவர். பின்னணியில் திரைப்பட நகைச்சுவை வசனங்கள். தமிழ்த் தொலைக்காட்சிகள் அதை மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின, மற்ற மாவட்டங்களிலிருந்தும் இதுபோன்ற காட்சிகள் வந்தன, அவற்றையும் ஒளிபரப்பின. தமிழகமே சிரித்தது.

அந்த இளைஞர்கள் ஊரடங்கு விதியை மீறினார்கள் என்பது உண்மை. அதற்குச் சட்டத்தில் தண்டனை இருந்தது. அவர்களை நாடு பார்த்துச் சிரிக்கும்படி ஓடவிடுவது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத தண்டனை. அதை நிறைவேற்றிக் கொடுத்தவை செய்தி நிறுவனங்கள். லக்னோவில் தகரத்தை நட்டது அரசு. திருப்பூரில் பலகையைத் தூக்கிப் பிடித்தவர் எந்தப் பதவியும் இல்லாத இளைஞர். முன்னதைத் தாண்டிப் பார்ப்பது பத்திரிகையின் கடமை. பின்னதைத் தாண்டிப் பார்த்தது வன்மம். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்திருந்தது. அதற்கு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. எந்த ஆசிரியர் பீடத்திலிருந்தும் ‘இவர்கள் முகத்தை மறையுங்கள்’ என்ற குரல் உரக்க எழவில்லை. ஆலைகள் மூடி, கூலியின்றி, சொந்த ஊருக்குப் போக வழியின்றி வெளிமாநிலத் தொழிலாளர்கள் தவித்த நாள்கள் அவை. வானிலிருந்து காட்ட எவ்வளவோ இருந்தது. நாம் கேரம் ஆட்டத்தைப் பார்த்தோம். காவல் துறை எடுத்துத் தந்த காட்சியைக் கேள்வியின்றி ஒளிபரப்பியது தமிழ்ச் செய்தித் துறைக்குத் தலைகுனிவு.

தந்ததை அப்படியே வாங்கிப் போடும் அந்தப் பழக்கம் ஊரடங்கோடு போய்விடவில்லை. அரசியல் கட்சிகளின் மாநாடு என்றால் ‘கழுகுப் பார்வைக் காட்சி’ கட்டாயம் உண்டு. பல நேரம் அந்தக் காட்சியை எடுப்பது கட்சியே அமர்த்திய படப்பிடிப்புக் குழு. எந்த நேரத்தில், எந்தக் கோணத்தில் எடுத்தால் தலைகள் கடல்போலத் தெரியும் என்று அந்தக் குழுவுக்குத் தெரியும். காலி நாற்காலிகள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. தண்ணீரின்றி மயங்கி விழுந்தவர்கள் வருவதில்லை. கூட்டம் நெரிந்து வெளியேற வழியில்லாத மூலைகள் வருவதில்லை. ஒரு திடலில் எத்தனை பேர் நெருக்கப்படுகிறார்கள், ஆம்புலன்ஸ் போக இடம் விட்டிருக்கிறார்களா என்பதை மற்ற எந்தக் கருவியையும்விட நன்றாகக் காட்டக்கூடியது ட்ரோன். உயிர்களைக் காக்கக்கூடிய அந்தப் பார்வையை விளம்பரப் படமாகச் சுருக்கிவிட்டு, அதற்குச் செய்தி என்று பெயரும் வைக்கிறோம். கட்சி தந்த காட்சி என்றால் ‘கட்சி தந்தது’ என்று திரையில் எழுத வேண்டும். காவல் துறை தந்தது என்றால் அதையும் எழுத வேண்டும். எழுதாமல் விடுவது வாசகரையும் நேயரையும் ஏமாற்றுவது.

பேரிடர்களில் ட்ரோன் செய்யும் நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் மலை சரிந்தபோது, முண்டக்கையும் சூரல்மலையும் என்ன ஆயின என்பதை மேலிருந்து எடுத்த காட்சிகள்தான் உலகுக்குப் புரியவைத்தன. மண்ணும் பாறையும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் உருண்டு வந்த பாதையைத் தரையில் நிற்பவர் முழுதாகக் காண வழியில்லை. முதல் நாள் அந்தக் காட்சி செய்தி. அதன்பின் உடல்களை அடையாளம் காட்ட வரிசையில் நிற்பவர்கள் தலைக்கு மேல், நிவாரண முகாம் முற்றத்துக்கு மேல் ட்ரோன் இரைந்துகொண்டு சுற்றினால் அது செய்தி ஆகாது. மீட்புப் பணி ஹெலிகாப்டர் பறக்கும் இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. அளவைக் காட்டிய பிறகு ட்ரோன் இறங்கிவிட வேண்டும். அடுத்த வேலை செய்தியாளரின் கால்களுக்கு. 400 அடி உயரத்திலிருந்து எவருடைய பெயரையும் கேட்டுக்கொள்ள முடியாது; இழப்பீடு வந்ததா, வீடு எங்கே கட்டித் தருகிறார்கள் என்று விசாரிக்க முடியாது.

செய்தி நிறுவனங்களைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அரசுகளைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 2014 அக்டோபரில் இந்தியாவில் பொதுமக்கள் ட்ரோன் பறக்கவிடுவதே தடை செய்யப்பட்டது. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் பலவற்றை எளிதாக்கின. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி வேண்டாம். அதே விதிகளில், ஓரிடத்தைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கும் அதிகாரம் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிக்குத் தரப்பட்டிருக்கிறது. ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை அந்தத் தடை நீடிக்கலாம். பாதுகாப்புக்கு இது தேவைப்படும் தருணங்கள் உண்டு. 2021 ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் வழியே குண்டு வீசப்பட்ட பிறகு இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒரு கிராமத்தில் வீடுகள் இடிக்கப்படும் நாளிலும், மக்கள் போராட்டத்தின் மேல் தடியடி நடக்கும் நாளிலும் இதே அதிகாரம் கைக்கு வசதியாக இருக்கிறது. 96 மணி நேரத்தில் ஒரு குடியிருப்பையே தரைமட்டமாக்கிவிடலாம்.

இது வீண் அச்சம் இல்லை என்பதற்கு அமெரிக்காவின் ஃபெர்குசன் சான்று. 2014 ஆகஸ்டில் காவலர் ஒருவரின் துப்பாக்கிச் சூட்டில் கறுப்பின இளைஞர் ஒருவர் இறந்து அந்நகர் கொந்தளித்தபோது, 37 சதுர மைல் வான்பரப்பில் பறக்கத் தடை விதிக்கப்பட்டது. காவல் ஹெலிகாப்டரின் பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். பின்னர் அசோசியேட்டட் பிரஸ் பெற்று வெளியிட்ட தொலைபேசிப் பதிவுகளில், ஊடக ஹெலிகாப்டர்களை விலக்கி வைப்பதே நோக்கம் என்று அதிகாரிகளே பேசிக்கொண்டது தெரியவந்தது. மியான்மரில் 2017 அக்டோபரில் நேபிடோ நாடாளுமன்றத்தருகே ட்ரோன் பயன்படுத்தியதற்காக துருக்கியின் டிஆர்டி வேர்ல்டு தொலைக்காட்சிக்குப் பணியாற்றிய இரண்டு செய்தியாளர்களும், அவர்களின் மொழிபெயர்ப்பாளரும், கார் ஓட்டுநரும் பிடிபட்டார்கள். ஆங்கிலேயர் காலத்து 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின்கீழ் நால்வருக்கும் இரண்டு மாதச் சிறை. கார் ஓட்டியவர் செய்த குற்றம் என்ன என்று கேட்க அங்கே யாருமில்லை.

அரசுகளுக்கு ட்ரோன் மேல் வெறுப்பு எதுவும் கிடையாது. 2024 பிப்ரவரியில் ஹரியாணா காவல் துறை ஷம்பு எல்லையில் போராடிய விவசாயிகள் மேல் ட்ரோன்களிலிருந்து கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது. விவசாயிகள் பட்டம் விட்டு அவற்றை வீழ்த்தப் பார்த்தார்கள். புகைக்குண்டு சுமக்கும் ட்ரோனுக்கு வானம் திறந்திருக்கும், கேமரா சுமக்கும் ட்ரோனுக்கு மூடியிருக்கும் என்றால், அந்தத் தடைக்குப் பாதுகாப்பு என்று பெயர் சூட்டுவது பொய். சிவப்பு மண்டலம் அறிவிக்கும் ஒவ்வோர் அதிகாரியும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பரப்பும் காலமும் தேவையைத் தாண்டக் கூடாது. காவல் துறையின் ட்ரோன் பறக்கும் போராட்டக் களத்தில் பத்திரிகையின் ட்ரோனுக்கும் பாதுகாப்பான தொலைவில் இடம் வேண்டும்.

இந்தக் கருவியைக் கையில் எடுத்ததற்காகச் சிலர் கொடுத்த விலையைச் சொல்லாமல் இந்தத் தலையங்கத்தை முடிக்க முடியாது. 2024 ஜனவரி 7 அன்று காஸாவின் தெற்கே ஒரு காரின் மேல் இஸ்ரேலிய ராணுவம் தாக்குதல் நடத்தியது. அல் ஜசீராவின் காஸா செய்திப் பிரிவுத் தலைவர் வாயில் தஹ்தூவின் மகனும் செய்தியாளருமான ஹம்ஸா தஹ்தூவும், ஏஎஃப்பிக்குப் பணியாற்றிய ஒளிப்பதிவாளர் முஸ்தஃபா துராயாவும் கொல்லப்பட்டார்கள். குண்டுவீச்சில் இடிந்த வீட்டை அவர்கள் ட்ரோனால் படமெடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். படையினருக்கு ஆபத்தான பறக்கும் கருவியை இயக்கிய பயங்கரவாதியைத் தாக்கியதாக ராணுவம் சொன்னது. துராயாவின் நினைவு அட்டையில் இருந்த காட்சிகளை வாஷிங்டன் போஸ்ட் ஆராய்ந்தது. அன்று அவர்கள் செய்தியாளர்களாக அல்லாமல் வேறு எவ்விதத்திலும் செயல்பட்டதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை என்று அது எழுதியது. போர்க்களச் செய்தியாளரைப் பொதுமக்களில் ஒருவராகவே நடத்த வேண்டும் என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை. ட்ரோன் வைத்திருந்தார் என்பது ஒருவரைக் கொல்லக் காரணமாகாது. அதைக் காரணமாகச் சொல்பவர்கள் விசாரணைக்கு உள்ளாக வேண்டும். போர்க்களத்தில் ட்ரோன் ஆயுதமாகவும் ஆகிவிட்ட காலத்தில், கேமராவைக் கையில் வைத்திருப்பவரின் உயிர் இன்னும் மலிவாகிவிட்டது. அப்படிப்பட்ட இடங்களுக்கு ஒருவரை அனுப்பும் நிறுவனம், ஒரு காட்சி அந்த உயிருக்கு ஈடாகுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நம் ஊரிலும் சிறிய அளவில் இந்தக் கேள்வி உண்டு. கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞரைச் சில ஆயிரம் ரூபாய்க்கு அழைத்து வந்து, வெள்ளத்தின் மேலும் கலவரத்தின் மேலும் ட்ரோன் விடச் சொல்லும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பதிவு எண் இருக்கிறதா, தொழில்முறையாகப் பறக்கவிடச் சான்று இருக்கிறதா, அது சிவப்பு மண்டலமா என்று யாரும் கேட்பதில்லை. காட்சி கிடைத்தால் நிறுவனத்தின் முத்திரை அதில் ஏறுகிறது. வழக்கு வந்தால் அந்த இளைஞர் தனியாகக் காவல் நிலையத்தில் நிற்கிறார். இது அநீதி. முத்திரை போடுகிறவர்களே பொறுப்பையும் ஏற்க வேண்டும். பயிற்சி, சான்று, காப்பீடு, வழக்குச் செலவு ஆகியவற்றைத் தர மனமில்லாத நிறுவனத்துக்கு வானத்திலிருந்து படம் வேண்டாம்.

எங்கள் தீர்ப்பு இதுதான். மணல் அள்ளப்பட்ட ஆறு, சாயக் கழிவு கலந்த ஓடை, ஆக்கிரமிக்கப்பட்ட ஏரி, இடிக்கப்படும் குடியிருப்பு, மறைக்கப்படும் மயானம் ஆகியவற்றின் மேல் செய்தியாளரின் ட்ரோன் பறக்கட்டும். அதைத் தடுப்பவர்களை எதிர்த்து நீதிமன்றம் வரை போவது பத்திரிகையின் கடமை. வீட்டு மாடி, மருத்துவமனை முற்றம், இழவு வீட்டு வாசல் ஆகியவற்றின் மேலும், பயந்து ஓடும் மனிதரின் மேலும் அது பறக்கக் கூடாது. பறக்கவிட்டவரையும் ஒளிபரப்பியவரையும் அவர்களின் சக பத்திரிகையாளர்களே முதலில் கண்டிக்க வேண்டும். ஒவ்வொரு செய்தி நிறுவனமும் இந்த வரம்பை எழுத்தில் வைத்து, வாசகரும் நேயரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். அந்த எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வரம்பு மீறப்படும்போதெல்லாம் கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.